ஃபிட்ஜெட் ஸ்பின்னர்: விரலிடுக்கில் சுற்றும் பேரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் சுழல் பொம்மைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு பேரிங். அவ்வளவுதான். மூன்று காதுள்ள சாதாரண பிளாஸ்டிக் ஸ்பின்னரை எடுத்து நடுவில் இருக்கும் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே தெரியும் இரும்பு வளையம்தான் 608 என்ற எண்ணுள்ள பேரிங். உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., தடிமன் 7 மி.மீ. ஸ்கேட்போர்டு சக்கரத்தில் இருப்பதும் இதேதான். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ஏழு எஃகுக் குண்டுகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 4 மி.மீ. குண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க ஒரு மெல்லிய கூடு.

நாம் விரலால் பிடிப்பது உள்வளையத்தோடு சேர்ந்த மூடியை. உடல் பகுதி வெளிவளையத்தோடு சேர்ந்து சுற்றும். மூன்று காதுகளிலும் எடைக்காக ஒரு இரும்பு வட்டோ, இன்னொரு பேரிங்கோ செருகியிருப்பார்கள். காதில் இருக்கும் பேரிங் சுற்றுவதற்காக வைத்ததில்லை. கனத்துக்காக மட்டுமே. கடையில் மலிவாக, ஒரே அளவில், கோடிக்கணக்கில் கிடைக்கிற உருண்டை இரும்பு என்றால் அதுதானே!

பழைய லாரி பேரிங்கைக் கேட்டு வாங்கி, பலகையில் மாட்டி, பேரிங் வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அவர்கள் தரையில் உருட்டியதை இவர்கள் விரலில் சுற்றுகிறார்கள்.

ஒரு தட்டு தட்டினால் இரண்டு நிமிடம் சுற்றுகிறதே, எப்படி?

இரண்டு காரணம். எடை ஓரத்தில் இருக்கிறது. உராய்வு மிகக் குறைவு.

முதலில் எடையைப் பார்ப்போம். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம், சுழன்றதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் அளவுக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பள்ளிப் புத்தகத்தில் பெயர். எடை எவ்வளவு என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் இதில் சேரும். தூரம் இருமடங்கானால் இந்த அளவு நான்கு மடங்காகும். அதனால்தான் மூன்று காதுகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்பின்னரின் அதே 50 கிராம் எடையை நடுவில் உருண்டையாகத் திரட்டி வைத்தால் தட்டிய வேகத்தில் சுற்றி, சீக்கிரமே நின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு காதிலும் 12 கிராம், அச்சிலிருந்து 2.8 செ.மீ. தூரம் என்று வையுங்கள். பிளாஸ்டிக் உடலையும் சேர்த்தால் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 0.00004 கி.கி.மீ² வரும். விநாடிக்கு 30 சுற்று சுற்றினால் அதில் இருக்கும் ஆற்றல் 0.7 ஜூல். 100 கிராம் எடையை 70 செ.மீ. உயரம் தூக்கப் போதுமானது, அதற்கு மேல் இல்லை. இந்தச் சொற்ப ஆற்றலை இரண்டு நிமிடத்துக்கு வைத்துச் செலவழிக்க வேண்டும் என்றால் உராய்வு எவ்வளவு சிக்கனமாக இருக்க வேண்டும்! காதின் நுனியில் ஏழெட்டு அரிசியின் எடை எவ்வளவு இழுக்குமோ, சராசரியாக அவ்வளவுதான் இதை நிறுத்தப் பார்க்கும் விசை.

அந்தக் கொஞ்ச உராய்வும் எங்கிருந்து வருகிறது?

மூன்று இடம்: பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸ், குண்டுகளின் உருளல், சுற்றிலும் இருக்கும் காற்று.

காற்றின் தடை வேகத்தோடு வேகமாக ஏறும். அதனால் தொடக்கத்தில் ஸ்பின்னர் மளமளவென வேகம் இழக்கும். பாதி வேகத்துக்கு வந்த பிறகு காற்று பெரிதாகக் கண்டுகொள்ளாது. பேரிங்கின் உராய்வுதான் பாக்கி. அது ஏறத்தாழ ஒரே சீராக இருப்பதால் கடைசிப் பகுதியில் வேகம் நேர்கோட்டில் இறங்கும். காது காதாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பின்னரைவிட வழவழப்பான வட்ட வளையம் போன்றது காற்றைக் குறைவாகக் கலக்கும், நின்று சுற்றும்.

எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று வீட்டில் அளக்க முடியுமா?

தாராளமாக. ஒரு காதில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். போனில் ஸ்லோமோஷன் வீடியோ 240 ஃபிரேமில் எடுங்கள். பொட்டு ஒரு முழுச் சுற்று வர எத்தனை ஃபிரேம் ஆகிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுங்கள். 8 ஃபிரேம் என்றால் 240-ஐ 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 30 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 1800. ஒழுங்காகத் தட்டினால் சாதாரண ஸ்பின்னர் இந்தப் பக்கம்தான் வரும்.

அந்த வேகத்தில் காதின் வெளிநுனி மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறது. காதில் செருகிய எடை உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல சுமார் 100 மடங்கு. 12 கிராம் வட்டு 1.2 கிலோ எடை போல வெளியே இழுக்கும் என்று அர்த்தம். பசை சரியில்லாத மலிவு ஸ்பின்னரில் எடை கழன்று பறப்பது இதனால்தான். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்ற வேண்டாம்.

பத்து விநாடிக்கு ஒரு முறை வேகத்தை எடுத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் மேலே சொன்ன கதை அப்படியே தெரியும்: முதலில் செங்குத்தாக இறங்கும் வளைவு, அப்புறம் நேர்கோடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட மலிவான செய்முறைப் பாடம் கிடைக்காது.

சுற்றும்போது திடீரென நின்றது போலவும், பின்பக்கம் போவது போலவும் தெரிகிறதே?

விளக்கின் வேலை. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அலை. சோக் வைத்த பழைய டியூப் லைட்டும், மலிவான சில எல்.இ.டி. பல்புகளும் அலைக்கு இரண்டு முறை, அதாவது விநாடிக்கு 100 முறை மின்னும். கண்ணுக்கு அது தெரிவதில்லை, ஆனால் ஸ்பின்னர் காட்டிக்கொடுத்துவிடும்.

விநாடிக்கு 33 சுற்றும் கொஞ்சமும் என்ற வேகத்தில் ஒவ்வொரு மின்னலுக்கும் ஸ்பின்னர் சரியாக மூன்றில் ஒரு பங்கு திரும்பியிருக்கும். ஒரு காது இருந்த இடத்தில் அடுத்த காது. அதனால் நின்றுகொண்டிருப்பது போலத் தோன்றும். வேகம் அதற்குக் கொஞ்சம் கீழே இறங்கியதும் ஒவ்வொரு மின்னலுக்கும் சற்றுப் பின்தங்கி நிற்கும். பின்பக்கம் ஊர்வது போல இருக்கும். இன்னும் காத்திருங்கள். விநாடிக்கு 17 சுற்றுப் பக்கம் வரும்போது மூன்று காது ஆறாகத் தெரியும், 11 பக்கம் ஒன்பது. இருட்டு அறையில் அந்த ஒரு பல்பை மட்டும் போட்டுப் பார்த்தால் இந்த ஆறும் ஒன்பதும் தெளிவாக வந்து போவதைக் காணலாம். எனக்கு ஸ்பின்னரில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

வெயிலில் இது நடக்காது, வெறும் மங்கல்தான். நல்ல எல்.இ.டி. பல்பின் கீழும் நடக்காது. ஆக, வீட்டு பல்பு மின்னுகிறதா இல்லையா என்று பார்க்கவும் ஸ்பின்னர் உதவும். போன் வீடியோவில் தெரியும் மாயம் வேறு. அங்கே மின்னுவது கேமராவின் ஃபிரேம்.

சுற்றிக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டைத் திருப்பினால் முரண்டு பிடிக்கிறதே, அது ஏன்?

சுழலும் பொருளுக்குக் கோண உந்தம் உண்டு. அதற்கு அளவு மட்டுமில்லை, திசையும் உண்டு. அச்சின் வழியாக நீளும் ஒரு அம்புக்குறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டைத் திருப்பும்போது நீங்கள் அந்த அம்புக்குறியின் திசையை மாற்றப் பார்க்கிறீர்கள். அதற்கு வெளியிலிருந்து ஒரு முறுக்கு விசை வேண்டும், அதைக் கொடுக்க வேண்டியது உங்கள் விரல்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த விசை நீங்கள் திருப்பும் திசையில் இருக்காது, அதற்குச் செங்குத்தாக இருக்கும். இடப்பக்கம் திருப்பினால் ஸ்பின்னர் முன்னாலோ பின்னாலோ சாயப் பார்க்கும். கை எதிர்பார்ப்பது ஒன்று, வருவது இன்னொன்று.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்று காது ஸ்பின்னரில் இந்த எதிர்ப்பு வழவழப்பாக, ஒரே சீராக வரும். இரண்டு கை மட்டும் உள்ள நீளவாக்கு ஸ்பின்னரை அதே வேகத்தில் சுற்றி மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள். விரலில் தடதடவென ஒரு அதிர்வு தெரியும். இரண்டு கை இருந்தால் எடை ஒரு கோட்டில் மட்டும் இருக்கிறது. அந்தக் கோடு நீங்கள் திருப்பும் அச்சோடு ஒட்டி நிற்கும்போது திருப்புவது எளிது, குறுக்கே நிற்கும்போது கடினம். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இது மாறி மாறி வருவதால் அதிர்வு. மூன்று கை ஆனதும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே கனம். காற்றாலைகளில் இரண்டு இறக்கை வைத்தவை காற்றுத் திசைக்குத் திரும்பும்போது இதே தொல்லையைக் கொடுக்கும்; பெரும்பாலான காற்றாலைகள் மூன்று இறக்கையோடு நிற்க இதுவும் ஒரு காரணம். ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போது எண்ணிப் பாருங்கள்.

பம்பரமும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டிலும் கோண உந்தம் உண்டு, ஆனால் அதற்குக் கொடுக்கும் வேலை வேறு.

பம்பரம் ஆணி முனையில் நிற்கிறது. சுழலாத பம்பரத்தை யாரும் ஆணியில் நிறுத்த முடியாது. சுழற்சிதான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. புவியீர்ப்பு அதைக் கவிழ்க்கப் பார்க்கும்போது, மேலே சொன்ன அதே செங்குத்து விளையாட்டால் அது விழாமல் தலையை மட்டும் மெல்ல வட்டமடிக்கும். வேகம் குறையக் குறைய அந்தத் தலைவட்டம் வேகமாகும், கடைசியில் சாயும். ஸ்பின்னருக்கு இந்தக் கவலையே இல்லை; அதைப் பிடித்துக்கொண்டிருப்பது உங்கள் விரல். சுழன்றாலும் சுழலாவிட்டாலும் விழாது.

அதனால் திறமையும் வேறு. சாட்டையைச் சுற்றும் இறுக்கம், வீசும் கோணம், சரியான நேரத்தில் சுண்டி இழுப்பது என்று பம்பரத்துக்குப் பழக்கம் வேண்டும். ஸ்பின்னரை இரண்டு வயதுப் பிள்ளைகூடச் சுற்றும். பழக எதுவும் இல்லாததுதான் அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கும், அவ்வளவு வேகமாகச் சலித்ததற்கும் காரணம் என்று எனக்குத் தோன்றும். பம்பரத்துக்கு இன்னும் ஆள் இருக்கிறது.

விலை அதிகமானது நிஜமாகவே நன்றாகச் சுற்றுமா?

ஓரளவுக்கு. பித்தளை, எஃகு போன்ற கனமான உலோகத்தில், துல்லியமாகக் கடைந்து, சமநிலை பார்த்துச் செய்த ஸ்பின்னர் நான்கைந்து நிமிடம் சுற்றும். எடை கூடினால் தொடங்கக் கொஞ்சம் கூடுதலாகத் தட்ட வேண்டும், ஆனால் பேரிங் உராய்வு அதே அளவுக்குக் கூடாது. ஆகவே லாபம்.

ஏமாறக்கூடிய இடம் ஏபெக் எண். ஏபெக் 7, ஏபெக் 9 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது பேரிங்கின் அளவுகள் எவ்வளவு துல்லியம் என்று சொல்லும் தரம். சும்மா தட்டினால் எவ்வளவு நேரம் சுற்றும் என்பதை அது சொல்வதே இல்லை. ஏபெக் 9 பேரிங்கில் கெட்டியான கிரீஸ் நிறைந்திருந்தால் அரை நிமிடத்தில் நின்றுவிடும்.

608 பேரிங் 100 கிலோவுக்கும் மேல் சுமை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. தொழிற்சாலையில் போடும் கிரீஸும் அந்தச் சுமைக்கு, பல ஆண்டு ஓட்டத்துக்கு ஏற்றது. நம் ஸ்பின்னரின் எடை 50 கிராம். அந்தச் சுமைக்கு அவ்வளவு கிரீஸ் வீண் பாரம். செராமிக் குண்டு வைத்த பேரிங்குகளுக்கு ஸ்பின்னர் உலகில் மதிப்பு வந்ததும் இதனால்தான். சிலிக்கான் நைட்ரைடு குண்டு துருப் பிடிக்காது, கிரீஸ் இல்லாமல் உலர்ந்தே ஓடும்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானுக்குப் போக வேண்டும். பேரிங் செய்வதையே தொழிலாகக் கொண்ட மினிபியா மிட்சுமி நிறுவனம், மிட்சுபிஷி பிரெசிஷனோடு சேர்ந்து 2017-ல் ஒரு ஸ்பின்னர் செய்தது. ஒற்றை விரலில் 24 நிமிடம் 46 விநாடி சுற்றிக் கின்னஸில் ஏறியது.

பேரிங்கைக் கழுவினால் கூடுதலாகச் சுற்றும் என்கிறார்களே?

உண்மை. பேரிங்கின் பக்கவாட்டு மூடியைப் பாருங்கள். 608 இசட்இசட் என்றால் தகர மூடி, 608 ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. ரப்பர் மூடியைக் குண்டூசியால் ஓரத்தில் நெம்பினால் வந்துவிடும். தகர மூடி வளையாமல் வராது, வந்தால் திரும்ப மாட்ட முடியாது.

மூடியை எடுத்த பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்து ஆட்டினால் கிரீஸ் கரைந்து வரும். நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். வித்தியாசம் முதல் தட்டிலேயே தெரியும். சத்தமும் கூடும், கிரீஸ் அடக்கி வைத்திருந்த கரகரப்பு இப்போது காதில் விழும். வியர்வைக் கையில் வைத்திருந்தால் எஃகுக் குண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி போதும். இரண்டாவது துளி போட்டால் பழைய நிலைமைதான். அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

கீழே வைக்கவே மனம் வருவதில்லை. இதில் அப்படி என்ன ஈர்ப்பு?

நான் நினைப்பது: கொடுப்பதற்கும் கிடைப்பதற்கும் உள்ள விகிதம். ஒரு சின்னத் தட்டு, அதற்கு இரண்டு நிமிட அசைவு. பேனா மூடியைத் திறந்து மூடுகிறவர், கால் ஆட்டுகிறவர், சாவிக்கொத்தைச் சுழற்றுகிறவர் எல்லாரும் ஒவ்வொரு அசைவுக்கும் தாங்களே உழைக்க வேண்டும். இங்கே பொருளே வேலையைத் தொடர்ந்து செய்கிறது.

அதோடு கைக்கு உயிருள்ள ஒன்றைப் பிடித்த உணர்வு. விரல் நுனியில் பேரிங்கின் மெல்லிய துடிப்பு, திருப்பினால் எதிர்ப்பு, சாய்த்தால் ஒரு தள்ளல். கையில் இருக்கும் ஜடப்பொருள் இப்படிப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பது அபூர்வம். சுழற்சி இல்லாத ஸ்பின்னரைக் கையில் வைத்து அசைத்துப் பாருங்கள், ஒன்றுமே இல்லாத பிளாஸ்டிக் துண்டு.

கடைசியாக, அது எப்போது நிற்கும் என்று தெரியாதது. வேகம் குறைகிறது, காதுகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்குகின்றன, இன்னொரு சுற்று, இன்னும் அரைச் சுற்று... நிற்கும் முன் இன்னொரு தட்டு தட்டாமல் இருப்பது கஷ்டம்.

பிள்ளைகளுக்குக் கவனம் கூடும், ஏ.டி.எச்.டி.க்கு நல்லது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே?

ஏ.டி.எச்.டி. என்பது கவனம் நிலைக்காமல், ஓயாமல் துறுதுறுவென இருக்கும் குறைபாடு. பெட்டியில் போட்டிருப்பதற்கு ஆதாரம் கிடையாது. 2017-ல் இது பரவிய அதே ஆண்டு மருத்துவ இதழில் வந்த ஒரு மதிப்பாய்வு, இந்த உரிமைக்கோரல்களுக்கு ஆய்வு எதுவும் துணை நிற்கவில்லை என்று சொன்னது. அப்புறம் வந்த ஆய்வுகள் இன்னும் மோசமான செய்தியைச் சொல்லின. புளோரிடாவில் ஏ.டி.எச்.டி. உள்ள சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, ஸ்பின்னர் கையில் வந்த தொடக்கத்தில் ஓடி ஆடுவது குறைந்தது, ஆனால் பாடத்தில் கவனம் சிதறியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் மாணவர்கள் வீடியோ விரிவுரை பார்க்கும்போது ஸ்பின்னர் சுற்றினார்கள். சுற்றியவர்களுக்கு விரிவுரை குறைவாகவே நினைவில் நின்றது. ஸ்பின்னர் தனக்கு உதவும் என்று நம்பி வந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இதை வைத்துக் கை அசைவே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் உடலை அசைத்துக்கொண்டே இருக்கும்போது நினைவுச் சோதனைகளை இன்னும் நன்றாகச் செய்கிறார்கள் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. 2009-ல் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர், சலிப்பான ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கும்போது தாளில் வடிவங்களை நிழலிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட 29% அதிகம் நினைவிருந்ததைக் கண்டார்.

ஸ்பின்னரின் சிக்கல் கண்தான். மேசைக்கு அடியில் ரப்பர் பந்தை அமுக்கினால் கண் கரும்பலகையில் இருக்கும். ஸ்பின்னர் கண்ணை இழுக்கும். சுற்றுகிறவர் கண்ணை மட்டுமில்லை, பக்கத்து பெஞ்சுக்காரர் கண்ணையும். கண்ணைக் கவரவே வண்ணம் பூசி, விளக்கு வைத்து விற்கும் பொருளைக் கவனத்துக்கு மருந்து என்று சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். ஆசிரியர்கள் பிடுங்கி வைத்ததில் தப்பில்லை. உங்கள் பிள்ளைக்கு நிஜமாகவே தேவை இருக்கிறது என்று நினைத்தால் மருத்துவரையும் பள்ளியையும் கேட்டு, கண்ணுக்கு வேலை வைக்காத ஒன்றைக் கையில் கொடுங்கள்.

யார் கண்டுபிடித்தது?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. 2017-ல் செய்தித்தாள்கள் எல்லாம் புளோரிடாவைச் சேர்ந்த கேத்தரின் ஹெட்டிங்கரின் பெயரைச் சொல்லின. அவர் 1993-ல் ஒரு சுழல் பொம்மைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1997-ல் அது கிடைத்தது, பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ பார்த்துவிட்டு வேண்டாம் என்றது, 400 டாலர் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாததால் 2005-ல் காப்புரிமை காலாவதியானது. மனதைத் தொடும் கதை. ஆனால் அவருடையது நடுவில் குமிழ் வைத்து விரல்மேல் சுழற்றும் தட்டு. அதில் பேரிங் இல்லை. காப்புரிமை உயிரோடு இருந்திருந்தாலும் இப்போதைய ஸ்பின்னரை அது கட்டுப்படுத்தியிருக்காது என்று காப்புரிமை வழக்கறிஞர்கள் சொன்னார்கள்.

இப்போதைய வடிவத்துக்குப் பக்கத்தில் வருவது சியாட்டில் பகுதியைச் சேர்ந்த ஸ்காட் மெக்கோஸ்கரி செய்த டார்க்பார். தகவல் தொழில்நுட்ப வேலையில் நீளும் கூட்டங்களில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அவர் தனக்காகச் செய்துகொண்ட உலோகப் பொருள் அது. அதன் பிறகு 3டி பிரிண்டர் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு வடிவம் அச்சிட்டார்கள், சீனத் தொழிற்சாலைகள் அச்சு வார்த்தன, 2017 ஏப்ரல், மே மாதங்களில் உலகமே சுற்றியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அடங்கியும் போனது.

சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்கலாமா?

மூன்று வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மூடியும் எடை வட்டும் கழன்று வாய்க்குள் போகக்கூடியவை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2017 ஆகஸ்டிலேயே இதைச் சொல்லிவிட்டது. ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் ஜெர்மன் சுங்கத்துறை அந்த ஆண்டு 35 டன் ஸ்பின்னரைப் பிடித்து அழித்ததும் இதே பயத்தில்தான்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் விளக்கு எரியும் ஸ்பின்னர். அதில் பொத்தான் பேட்டரி இருக்கிறது. அது தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத ஸ்பின்னரை வாங்காதீர்கள்.

உலோக ஸ்பின்னரிலும் ஒரு சங்கதி: 2017 நவம்பரில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று சோதித்த பித்தளை ஸ்பின்னரில், அங்கே குழந்தைப் பொருளுக்கு அனுமதித்த அளவைப்போல 300 மடங்குக்கும் மேல் ஈயம் இருந்தது. பித்தளை பெரியவர்களுக்கு.

விண்வெளியில் சுற்றினால் நிற்காமல் சுற்றுமா?

நிற்கும். புவியீர்ப்பு இல்லாததால் பேரிங்கின் கிரீஸ் மறைந்துவிடாது, நிலையத்துக்குள் காற்றும் இருக்கிறது. ஆனால் வேறொன்று நடக்கும். 2017-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர்கள் ஸ்பின்னரைச் சுற்றி வீடியோ எடுத்தார்கள். கையை விட்டு மிதக்கவிட்டால் நடு மூடியைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. உராய்வு மூடியையும் இழுத்துக்கொண்டு போகும், கொஞ்ச நேரத்தில் மொத்தமும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுற்றும்.

மிதந்தபடி கையில் பிடித்துக்கொண்டே சுற்றிவிட்டால் உடல் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு முழுச் சுற்றுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஸ்பின்னர் நின்றுவிடும், உடலும் நின்றுவிடும்.

விளையாட்டைத் தவிர உருப்படியான பயன் உண்டா?

உண்டு, அதுவும் திருச்சியில் சோதித்துப் பார்த்தது. தென்கொரியாவின் உல்சானில் உள்ள யுனிஸ்ட் நிறுவனத்தில் யூன்-கியோங் சோ குழுவினர், சிறுநீர்த் தொற்றைக் கண்டறிய ஒரு ஸ்பின்னர் செய்தார்கள். 2020-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1 மி.லி. சிறுநீரை ஸ்பின்னருக்குள் விட்டுக் கையால் ஓரிரு முறை சுற்றினால், மேலே பார்த்த அந்த வெளித்தள்ளல் திரவத்தை ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளும். கிருமிகள் சவ்வில் தங்கி 100 மடங்குக்கு மேல் செறிவாகும். பிறகு ஒரு சாயக் கரைசலைச் சேர்த்தால் நிறம் மாறும், கண்ணாலேயே பார்க்கலாம்.

கையால் சுற்றும் வேகத்துக்குச் சவ்வு வழிவிடாது என்பதுதான் அவர்களுக்கு இருந்த முட்டுக்கட்டை. சவ்வுக்கு அடிப்புறத்தில் முன்கூட்டியே திரவத்தை நிரப்பி வைத்து அதைத் தாண்டினார்கள். அதனால் அழுத்தம் சவ்வு முழுக்கச் சீராகப் பரவி, குறைந்த விசையிலேயே வடிகிறது. திருச்சியில் சிறுநீர்த் தொற்று என்று சந்தேகிக்கப்பட்ட 39 பேரின் மாதிரிகளை வைத்துப் பார்த்தபோது 50 நிமிடத்துக்குள் விடை கிடைத்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான ஆய்வகச் சோதனைக்கு நாள்கணக்கில் ஆகும்.

இதற்கு முன்பே, 2017 ஜனவரியில், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் காகிதத் தட்டும் நூலும் கொண்டு ரத்தம் பிரிக்கும் கருவி ஒன்றைக் காட்டியிருந்தார்கள். சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு துளை போட்டு, நூல் கோத்து இரண்டு கையாலும் இழுத்து இழுத்துச் சுற்றுவோமே, அதே தத்துவம். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போனது. நம் ஸ்பின்னரின் 1800 இதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பள்ளிப் பிள்ளைக்கு என்றால் விளக்கு இல்லாத, மூன்று காது பிளாஸ்டிக் ஸ்பின்னர் போதும். காதில் இருக்கும் எடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அசைந்தால் வேண்டாம். மூடியைப் பிடித்துச் சுற்றிக் காதுக்கு அருகில் கொண்டுபோங்கள். ஒரே சீரான இரைச்சல் சரி, டக் டக் என்று தட்டினால் பேரிங் பழுது. சுற்றும்போது கையில் அதிர்ந்தால் மூன்று எடையும் ஒன்றுபோல இல்லை என்று அர்த்தம். உங்களுக்கே என்றால், நேர்த்தியான உலோக வளையம் ஒன்றை வாங்கி, ரப்பர் மூடி போட்ட பேரிங் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவ வசதியாக இருக்கும்.